பொங்கல் பூசையும் பறையும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணன்,

வரும் பொங்கலுக்கு 'தமிழ்ப் பண்பாட்டுத் திருப்பலி' நடத்த வேண்டும் என்று எங்கள் புதிய பங்குத்தந்தை சொல்லியிருக்கிறார். வழிபாட்டுக் குழுவில் நானும் இருக்கிறேன். சாமியாருக்குக் காவிச் சால்வை, குத்துவிளக்கு, ஆரத்தி, வருகைப் பவனிக்குப் பரதநாட்டியம் என்று திட்டம் போட்டிருக்கிறோம். பெரியவர்கள் சிலர், கோவிலை இந்துக் கோவிலாக மாற்றுகிறீர்கள் என்று சண்டைக்கு வருகிறார்கள். ரோமுக்கே புகார் எழுதப்போவதாக ஒருவர் சொல்கிறார். இதற்கெல்லாம் திருச்சபையில் அனுமதி உண்டா? எவ்வளவு தூரம் போகலாம்? எங்கள் பங்கில் படிக்காத கிராமத்து ஜனங்கள்தான் அதிகம். பண்பாட்டு விஷயமெல்லாம் அவர்களுக்குப் புரியாது. எப்படி எடுத்துச் சொல்வது? இன்னொன்று, பிப்ரவரியில் எனக்குத் திருமணம். வெள்ளை கவுனா பட்டுப்புடவையா என்று வீட்டில் ஒரே வாக்குவாதம். உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

கல்யாண விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மணப்பெண் என்ன உடுத்த வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. உனக்குப் பிடித்ததைக் கட்டிக்கொள். நன்றாக இரு.

அனுமதி உண்டா என்றால், உண்டு. 1963-ல் உலகத்து ஆயர்கள் எல்லாம் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஆவணமே, ஒவ்வொரு மக்களின் பண்பாட்டுக்கும் இடம் கொடுத்துவிட்டது. இந்திய ஆயர்கள் கேட்டதன் பேரில் 1969 ஏப்ரல் 25 அன்று பன்னிரண்டு மாற்றங்களுக்கு ரோம் ஒப்புதல் தந்தது. தரையில் சம்மணமிட்டு அமர்வது, முழந்தாள் படியிடுவதற்குப் பதில் கைகூப்பி வணங்குவது, மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, குருவுக்கு அங்கவஸ்திரம், பூவும் தூபமும் தீபமும் கொண்ட ஆரத்தி எல்லாம் அதில் வருகிறது. நம் தமிழ்நாட்டுக் கல்லேரியில் பிறந்த அமலோர்பவதாஸ் அடிகள் பெங்களூரிலும் பிறகு மைசூரிலும் இருந்துகொண்டு இதற்காக ஆயுள் முழுக்க உழைத்தார். ஆகவே ரோமுக்குக் கடிதம் எழுதுகிறவர் எழுதட்டும். நீங்கள் உங்கள் ஆயரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பரதநாட்டியம் அந்தப் பன்னிரண்டில் இல்லை. அதையும் அவரிடமே கேளுங்கள்.

சண்டைக்கு வரும் பெரியவர்களிடம் கோபப்பட வேண்டாம். அவர்கள் பார்த்து வளர்ந்த பூசையின் மேல் அவர்களுக்கு உயிர். ஒன்றை மட்டும் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். சாமியார் போடும் அந்த அகலமான மேலுடை வானத்திலிருந்து இறங்கியதல்ல. பழைய ரோமைப் பேரரசில் மழைக்கும் குளிருக்கும் வழிப்போக்கர்கள் போர்த்திக்கொண்ட அங்கிதான் அது. ஊர் உடை மாறிய பிறகும் குருக்கள் அதை விடவில்லை, அதனால் திருவுடை ஆனது.

சரி, உன் கடிதத்தில் என்னை நிறுத்திய இடத்துக்கு வருகிறேன். "படிக்காத கிராமத்து ஜனங்கள், பண்பாட்டு விஷயமெல்லாம் அவர்களுக்குப் புரியாது." இதை எப்படியம்மா எழுதினாய்? கோபமாகத்தான் கேட்கிறேன். வேளாங்கண்ணியில் மாதாவுக்குப் புடவை சாத்தக் கற்றுக்கொடுத்தது எந்த வழிபாட்டுக் குழு? முடி காணிக்கை, கொடியேற்றம், சப்பரம், சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் எறிவது, அருளானந்தர் இரத்தம் சிந்திய ஓரியூர் மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வது, பெரிய வெள்ளியன்று செத்த பிள்ளைக்கு அழுவதுபோல் நெஞ்சில் அடித்துக்கொண்டு புலம்பல் பாடுவது, இவற்றை எந்தக் கருத்தரங்கில் தீர்மானம் போட்டு ஆரம்பித்தார்கள்? வத்திக்கான் சங்கம் கூடுவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இந்த ஜனங்கள் தங்கள் சாமியைத் தங்கள் ஊர்க்காரராக ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். அவர்களுக்கு நீ போய்ப் பண்பாடு எடுத்துச் சொல்லப்போகிறாயா? அவர்கள் காலடியில் உட்கார்ந்து நீதான் கேட்க வேண்டும்.

உங்கள் திட்டத்தையும் ஒரு தடவை பார். காவிச் சால்வை, குத்துவிளக்கு, ஆரத்தி, பரதம். உங்கள் பங்கில் யார் வீட்டில் இவை இருக்கின்றன? எனக்கு ஆரத்தி மேல் வெறுப்பு இல்லை, தீபம் அழகானது. ஆனால் 'இந்தியப் பண்பாடு' என்று நாம் தேடிப் போகும்போதெல்லாம் ஏன் மேல்தட்டு வீட்டுக் கூடத்திலேயே போய் நிற்கிறோம்?

எங்கள் தெருவில் பெரிய தாத்தா இறந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். அவர் பறை அடிப்பதில் பேர் வாங்கினவர். அவருடைய மாணவர்கள் விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். வைக்கோலைக் கொளுத்தி, பறையை அந்தச் சூட்டில் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிச் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார்கள். தோல் இறுகி ஓசை கூர்மையானதும் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும் கையில் எடுத்தார்கள். தெரு முழுக்க அடித்துக்கொண்டு வந்தார்கள். கோவில் சுற்றுச்சுவர் தொடங்கும் இடத்தில் பறை நின்றது. உள்ளே அந்தச் சத்தம் வரக் கூடாது என்பது ஏற்பாடு. அவர்கள் பறையை வேப்பமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஐம்பது வருஷம் பறை அடித்த மனிதருக்கு அடக்கப் பூசை ஆர்மோனியத்தோடு நடந்தது.

அதே கோவிலில் கொஞ்ச நாள் கழித்து ஒரு விழா. வாசலில் ஆயருக்கு ஆரத்தி எடுத்தார்கள். பலிபீடத்துக்குப் பக்கத்தில் வீணை வாசித்தார்கள். நம் மண்ணின் பண்பாடு பலிபீடம் ஏறிவிட்டது என்று மைக்கில் சொன்னார்கள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் அன்று கோவிலுக்குள் கடைசி வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். எந்த மண் என்று அப்போது கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்கிறேன்.

இது புதிதாக வந்த கோணலும் அல்ல. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு, தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி காவி கட்டினார், மரக்கறி மட்டும் சாப்பிட்டார், தமிழும் வடமொழியும் கற்றார். ஐரோப்பியராக மாறினால்தான் கிறிஸ்தவராக முடியும் என்ற எண்ணத்தை அவர் உடைத்தது பெரிய காரியம், அவரை நான் வணங்குகிறேன். ஆனால் மதுரையில் ஏற்கெனவே இருந்த பரதவக் கிறிஸ்தவர்களிடமிருந்து விலகியே அவர் வாழ வேண்டியிருந்தது. 1623-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் அனுமதி கொடுத்தார். அதே ஆணையில், எளிய பிறப்புள்ளவர்களை, அதிலும் கோவிலுக்குள், இழிவாக நினைக்காதீர்கள் என்று உயர்சாதிக்காரர்களைக் கெஞ்சியும் கேட்டார். பூணூல் அனுமதியை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். கெஞ்சலை மறந்தார்கள். எளிய சாதிகளிடம் தடையில்லாமல் போய்வரப் பண்டார சுவாமிகள் என்று குருக்களில் தனியாக ஒரு பிரிவை 1640-ல் தொடங்க வேண்டியிருந்தது. ஓரியூரில் 1693-ல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர், அதாவது ஜான் தெ பிரிட்டோ, அந்தப் பண்டார உடையில் திரிந்தவர். வடக்கன்குளத்தில் பிற்காலத்தில் கோவிலையே சாதிவாரியாக இரண்டு பக்கமாகக் கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். அதுவும் பண்பாட்டுக்கு மரியாதை என்றுதான் சொல்லப்பட்டிருக்கும்.

காங்கோவைப் பார். அங்கே பூசையில் குரு முதல் கூட்டம் வரை ஆடுகிறார்கள், முன்னோர்களை அழைத்து ஜெபிக்கிறார்கள். 1988-ல் ரோம் அதை ஏற்றது. மெக்சிகோவில் சியாபாஸ் பகுதிப் பழங்குடிகளின் வழிபாட்டு நடனத்துக்கும், பெண்கள் தூபம் காட்டுவதற்கும் 2024-ல் ஒப்புதல் கிடைத்தது. இரண்டு இடத்திலும் மேலே போனது, கோவிலில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களின் சொந்த ஆட்டமும் சொந்த ஜெபமும். தமிழகக் கத்தோலிக்கரில் பெரும் பகுதி தலித் மக்கள். அவர்களுடைய தாளம் நம் 'பண்பாட்டுத் திருப்பலி'யில் இல்லையென்றால் அந்தப் பெயரை வைக்க நமக்கு உரிமை கிடையாது.

உடனே ஓடிப்போய்ப் பறை அடிக்க ஆள் பிடித்துவிடாதே. இதில் ஒரு வலி இருக்கிறது. பறை எங்கள் பெருமை மட்டுமல்ல. சாவு வீட்டுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் மறுக்க முடியாத சாதி வேலையாக அது எங்கள் மேல் சுமத்தப்பட்டது. இனி தொடவே மாட்டோம் என்று பறையை விட்டுவிட்ட குடும்பங்கள் பல உண்டு. என் அப்பாவும் அப்படி விட்டவர்தான். அதை நான் முழுதாக மதிக்கிறேன். அதே பறையை, இது எங்கள் கலை, நாங்கள் யாருக்கும் வேலையாளாக அடிக்கவில்லை என்று சொல்லி இன்று கையில் எடுக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களையும் மதிக்கிறேன். இரண்டில் எது என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். வழிபாட்டுக் குழு உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுத் தகவல் சொல்லக் கூடாது.

முதலில் உங்கள் குழுவில் தலித் மக்கள் தெருவிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று பார். கடிதத்தில் ஒருவரைப் பற்றியும் நீ சொல்லவில்லை. இல்லையென்றால் பொங்கலுக்கு முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், நீயும் பங்குத்தந்தையும் அந்தத் தெருவுக்கு நடந்தே போங்கள். இந்தப் பூசைக்கு உங்களிடமிருந்து என்ன வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். பறை என்றால், கூலி பேசாதீர்கள். பாடற்குழுவுக்குக் கூலி கொடுக்கிறீர்களா என்ன? வருகைப் பவனியில் சிலுவைக்குப் பின்னால் அவர்கள் நடக்கட்டும், பூசை முடியும்வரை பலிபீடத்துப் பக்கத்திலேயே பறையோடு உட்காரட்டும். பறை வேண்டாம், நாங்கள் வாசகம் படிக்கிறோம், காணிக்கைப் பொருளைத் தூக்கி வருகிறோம் என்றால் அதைக் கொடுங்கள். அன்று எதுவும் வேண்டாம் என்றால் காரணத்தைக் கேட்டு எனக்கும் எழுது.

அன்புடன்,
அண்ணன்