குதிகால் ஊசியும் தாய்ப்பாலும்

கேள்வி: பிறந்து மூன்று நாளான என் மகனுக்கு மஞ்சள் காமாலை. லைட்டில் வைக்க வேண்டுமா என்று பார்க்க, குதிகாலில் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். அப்போது என்னை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். அவன் வீறிடுவது வராந்தா வரை கேட்கிறது. இதற்கு வலி மருந்து கிடையாதாம். நாக்கில் தேன் தடவச் சொல்கிறார் மாமியார். வேறு வழி உண்டா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உண்டு. அந்த வழியைத்தான் வராந்தாவில் நிற்க வைத்திருக்கிறார்கள்!

மருந்து கிடையாது என்றது சரிதான். பாராசிட்டமால் இந்தக் குத்தலுக்குக் கேட்பதில்லை. மரத்துப்போகச் செய்யும் களிம்பும் குதிகாலில் பலிப்பதில்லை. ஆனால் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது குத்தினால் குழந்தை அழுவது நன்றாகக் குறைகிறது. "பால் கொடுக்கும்போதே எடுத்துடுங்க சிஸ்டர்" என்று முன்கூட்டியே கேளுங்கள்.

பலரும் தவறவிடுவது நேரத்தை. ஊசி எடுக்கும்போது மார்பில் வைத்தால், குழந்தை சரியாகப் பற்றுவதற்குள் குத்து விழுந்துவிடும். 10, 15 நிமிடம் முன்பே டயப்பரோடு மட்டும் உங்கள் வெறும் மார்பில் அணைத்து, முதுகில் துணி போர்த்துங்கள். குத்துவதற்கு 5 நிமிடம் முன்பாவது குடிக்கத் தொடங்கியிருக்க வேண்டும். வாய் அகலத் திறந்து, விழுங்கும் சத்தம் கேட்ட பிறகு நர்ஸிடம் கால் நீட்டுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் பாதம் தாழ்ந்து தொங்கும். ரத்தமும் சுலபமாக இறங்கும். கட்டுப் போட்ட பிறகும் சில நிமிடம் குடிக்கட்டும். புரையேறுமோ என்று பயப்பட வேண்டாம். வாயை விட்டுவிட்டு அழுதால் மட்டும் திணிக்காதீர்கள், நிமிர்த்தி அணையுங்கள்.

பாலைப் பீய்ச்சி வாயில் சொட்டுவிடுவது இதற்கு ஈடாகாது. உறிஞ்சுவது, உங்கள் சூடு, மணம் எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்கின்றன.

உங்களால் உட்கார முடியாவிட்டால் அப்பாவின் வெறும் மார்பும் உதவும். அதுவும் முடியாதபோது, ஒருவர் ஒரு கையால் தலையையும் மறு கையால் மடக்கிய கால்களையும் (குத்தும் காலை விட்டு) கருப்பையில் இருந்ததுபோல் குவித்துப் பிடிக்கலாம். தட்டவோ ஆட்டவோ கூடாது, அசையாமல் பிடிக்க வேண்டும்.

தேன் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குள்ளான குழந்தையின் குடலில் முளைத்து, மூச்சுத் தசையையே தளர்த்திவிடும். இனிப்பு வலியைத் தணிக்கும் என்ற வரையில் உங்கள் மாமியார் சொல்வது சரி. அதற்கு மருத்துவமனைகளில் 24 சதவீத சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசல் உண்டு. நிறைமாதக் குழந்தைக்கு அரை முதல் ஒரு மில்லி, குத்துவதற்கு 2 நிமிடம் முன்பு நாக்கில் விடுவார்கள். நாக்கில் படும் இனிப்புதான் பலன் தருகிறது. குழாய் வழியே வயிற்றுக்குப் போனால் பயனில்லை. நாக்கில் விட்டதன் பலன் 5 முதல் 8 நிமிடம் தாங்கும். வீட்டில் கரைத்துப் புகட்டாதீர்கள்.

குத்துவதைவிட, ரத்தம் வரக் குதிகாலைப் பிசைவதுதான் அதிகம் வலிக்கும். பிசைந்து எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்து, மறுபடி குத்த நேரலாம். சாதாரண ஊசியைவிட, தானே குத்தி உள்ளிழுத்துக்கொள்ளும் லான்செட் (குத்தும் சிறு கருவி) மேல். குத்த வேண்டியது குதிகாலின் இரு ஓரங்களில். பின்வளைவில் எலும்பு அருகில் இருப்பதால் அங்கே கூடாது. நிறைய ரத்தம் தேவையென்றால், நிறைமாதக் குழந்தைக்குப் பழகிய கை புறங்கை நரம்பில் எடுப்பதே வலி குறைவு.

நெற்றியில் வைத்துக் காமாலை அளவு பார்க்கும் கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சில குத்தல்களைத் தவிர்க்கலாம். லைட்டில் வைத்துவிட்டால் அதன் அளவை நம்ப முடியாது, பிறகு ரத்தம்தான்.