ஜிம் ரீவ்ஸ் பாட்டில் கண் கலங்க என்ன இருக்கிறது?

"பழைய கன்ட்ரி பாடல்கள், அதிலும் ஜிம் ரீவ்ஸ், தூக்கம்தான் வரவைக்கின்றன. இதைக் கேட்டு ஏன் கலங்குகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பஸ்ஸிலோ, வேலைக்கு நடுவிலோ கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ரீவ்ஸ், அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த கன்ட்ரி இசைப் பாடகர். எனக்கும் ஒரு காலத்தில் தூக்கம்தான் வந்தது. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் அவர் பாட்டு வந்தால் அப்பா சத்தத்தைக் கூட்டுவார். நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

1998இல் நான் கனடாவில், ஸ்கார்பரோவில், அகதி வழக்கு முடியாமல் இருந்தேன். நான் விரும்பியவள் வவுனியாவில். அவளுக்கு வேறு இடத்தில் கலியாணம் பேசுகிறார்கள் என்று தெரிந்து, அயல்வீட்டு ரெலிபோனுக்கு எடுத்தேன். வீட்டுக்காரர்கள் பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். "நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். எனக்காக இருப்பாய் எண்டால் ஓம் எண்டு மட்டும் சொல்லு" என்றேன். அவள் மூச்சு கேட்டது. யாரோ கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அதோடு லைன் அறுந்துவிட்டது.

காசு கட்டி வாங்கிப் பேசிய அந்த ரெலிபோன் கார்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 20 நிமிடம் என்று அச்சடித்திருக்கும், 11 நிமிடத்தில் முடிந்துவிடும். கேட்டால் இணைப்புக் கட்டணம் என்பார்கள். கோப்பை கழுவிச் சம்பாதித்த காசு அது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த நாள் நான் வேலை செய்த சமையலறையில் வயதான குக் ஒருவர் கேசட் போட்டார். 1959இல் வந்த ரீவ்ஸின் 'ஹீல் ஹேவ் டு கோ' ('அவன் போகத்தான் வேண்டும்'). அப்பா கேட்ட அதே பாட்டு. பாட்டில், பாரிலிருந்து ஒருவன் தன் காதலிக்கு போன் பண்ணுகிறான். அவள் பக்கத்தில் வேறொருவன் இருக்கிறான், அவளால் வாய்திறக்க முடியாது. ஆம், இல்லை என்று மட்டும் சொல், நான் புரிந்துகொள்வேன் என்கிறான். கழுவிக்கொண்டிருந்த தட்டைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டு நின்றேன்.

ஆரம்பத்தில் ரீவ்ஸும் குரலை உயர்த்திப் பாடியவர்தான். 1957 வாக்கில் மைக்கில் உதடு படுகிற அளவுக்கு நெருங்கிவந்து, குரலைத் தாழ்த்திப் பாடத் தொடங்கினார். போன் வாயில் பேசுகிற குரல் அது. கெஞ்சல் இல்லை, கோபம் இல்லை. செட் அட்கின்ஸின் தயாரிப்பில் வாத்தியங்களும் ஒதுங்கியே நிற்கும். இந்த மென்மைதான் கன்ட்ரியைக் கெடுத்தது, பழைய கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸைக் கேள் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். ஹாங்க்கையும் கேட்டிருக்கிறேன், அவரையும் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு நான் பேசியது போலப் பாடியவர் ரீவ்ஸ்தான்.

ரீவ்ஸ் 1964இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு 40 வயது.

இரவு எல்லோரும் படுத்த பிறகு, ஹெட்போனில் அந்தப் பாட்டை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முடியும்வரை அவள் பதில் வராது. 1960இல் ஜீன் பிளாக் என்ற பாடகி அவள் தரப்பிலிருந்து பதில் பாட்டு ஒன்று பாடினார். அதை மட்டும் நான் இன்னும் போட்டுக் கேட்கவில்லை.