கூகுள்ல தேடினா என் கடை ஏன் வரமாட்டேங்குது? வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல முக்கால்வாசி ஒரே ரகம். கையால செஞ்ச பொருளை ஆன்லைன் மார்க்கெட்பிளேஸ்ல போட்டாச்சு, போட்டோவும் பளிச்சுனு இருக்கு, ஆனா தேடுறவங்க கண்ணுலயே பட மாட்டேங்குதுன்னு ஒரே புலம்பல். சரி, முடி கொட்டுற கேள்வி, மாவு புளிக்காத கேள்வியெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நான் காரைக்குடி பக்கம். மாமியார்கிட்ட கத்துக்கிட்டு பனை ஓலைல கொட்டான்னு சொல்ற கூடை பின்றேன், ஓலைக்குச் சாயம் போடுறதுல இருந்து எல்லாமே வீட்டுல தான். ஒரு ஹேண்ட்மேட் சைட்டுல கடை தொறந்து எட்டு மாசம் ஆச்சு, 46 பொருள் போட்டிருக்கேன். சொந்தக்காரங்க வாங்கினத விட்டுட்டா மொத்தமே நாலு ஆர்டர். கூகுள்ல என் கடை பேரை அடிச்சா வருது, வேற என்ன அடிச்சாலும் வர்றதில்ல. எங்க தப்பு பண்றேன்?

பதில்: தங்கச்சி, கடை பேரை அடிச்சா வருதுன்னா கூகுளுக்கு உன் கடையைத் தெரிஞ்சிருக்கு, அதுவரைக்கும் நல்லது. ஆனா உன் கடை பேரைத் தெரிஞ்சவங்க உன் சொந்தக்காரங்க மட்டும் தானே, அதான் நாலு ஆர்டரோட நிக்குது.

முதல்ல ஒரு டெஸ்ட். கூகுள்ல இங்கிலீஷ்ல 'சைட்'னு அடிச்சு, பக்கத்துலயே மேல ஒண்ணு கீழ ஒண்ணா ரெண்டு புள்ளி வச்சு, இடைவெளி விடாம உன் பொருள் ஒண்ணோட முழு அட்ரஸை ஒட்டிப் பாரு. பக்கம் வந்தா அது கூகுளோட கணக்குல ஏறியிருக்கு. வரலன்னா அநேகமா இன்னும் ஏறலன்னு வச்சுக்க. அப்ப அந்தப் பொருள் எத்தனாவது இடத்துல வருதுங்கற பேச்சுக்கே இடமில்ல. பல பேரு இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறாங்க.

நீ அனுப்பின லிங்க்ல போய்ப் பாத்தேன். பொருளெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கு, அந்த ஊதா கலர் விளிம்பு வச்சது ஒண்ணு எனக்கே வேணும். ஆனா தலைப்புல என்ன எழுதியிருக்க? "செந்தாமரை". அடுத்தது "மீனாட்சி". அதுக்கடுத்தது "குட்டிச் சிட்டு". கீழ விவரத்துல "100% ஹேண்ட்மேட், அன்போடு செய்தது, கலர் கேட்டபடி செஞ்சு தரப்படும், விலைக்கு மெசேஜ் பண்ணவும்". 46 பக்கத்துலயும் அச்சு அசலா இதே தான், ஒரு கமா கூட மாறல. இது கொட்டான்னு படத்தைப் பாத்து எனக்குத் தெரியுது, ஆனா தேடுற மெஷினு பெரும்பாலும் எழுத்தைத் தானே நம்புது. அந்தப் பக்கத்துல ஓலைன்னு ஒரு வார்த்தை இல்ல, கூடைன்னு இல்ல, கொட்டான்னே இல்ல. அப்புறம் எதை வச்சு உன்னைக் காட்டும், சொல்லு. ஒரே மாதிரி 46 பக்கம் இருந்தா எல்லாம் ஒண்ணு தான்னு நெனச்சு ஒண்ண ரெண்ட மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் தள்ளி விட்டுடவும் செய்யும்.

உன்னைத் திட்டல, நானும் இதே கூத்து அடிச்சவ தான். துணிப்பை தைச்சு வித்த காலத்துல ஒவ்வொரு பைக்கும் ராகம் பேரா வச்சேன், ஆனந்தபைரவி, நீலாம்பரின்னு, ரொம்பப் பெருமை வேற. ஆறு மாசம் கழிச்சு ஒருத்தங்க போன்ல கூப்பிட்டு, "மேடம் உங்க பையைக் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு இருக்கே, ஆபீஸுக்கு டிபன் கேரியர் வைக்கிற மாதிரி அகலமான அடிப்பாகம் இருக்கற பைன்னு தேடித் தேடி அலுத்துப் போய் கடைசில ஃபிரெண்டு சொல்லித் தான் வந்தேன்"னாங்க. அவங்க சொன்னது தான் என் பையோட தலைப்பா இருந்திருக்கணும். நீலாம்பரியை யாரு டைப் பண்ணுவா, சங்கீதம் கத்துக்கிற பிள்ளைங்களத் தவிர?

உன் விஷயத்துல இன்னொரு சங்கதி, கொட்டான்ங்கற வார்த்தையே செட்டிநாட்டுக்கு வெளிய பாதிப் பேருக்குத் தெரியாது. கோயம்புத்தூர்ல பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கற அம்மா என்ன தேடுவாங்க? "ரிட்டர்ன் கிஃப்ட்", "பனை ஓலை கூடை", "தாம்பூலப் பை"க்கு மாத்தா என்ன இருக்குன்னு பாப்பாங்க. அதுக்காகக் கொட்டான்ங்கற பேரைத் தூக்கிடாத. அது புவிசார் குறியீடு, அதாவது இன்ன ஊர்ப் பொருள்னு அரசு குடுக்கற அங்கீகாரம், வாங்கின பொருள், விஷயம் தெரிஞ்சவங்க அந்தப் பேரை வச்சுத் தான் தேடுவாங்க, அவங்க தான் பேரம் பேசாம வாங்குறவங்களும். ரெண்டையும் சேத்து எழுது. இப்படி:

"பனை ஓலை கொட்டான், கல்யாண ரிட்டர்ன் கிஃப்ட் கூடை, 6 இன்ச், 25 பீஸ் செட்"

முக்கியமான வார்த்தை முன்னாடி வரணும், ஏன்னா நீளமான தலைப்பை கூகுள் பாதியில வெட்டிடும். அடுத்து விவரம். வாங்குறவங்க போன்ல உன்கிட்ட என்னென்ன கேப்பாங்களோ அதையெல்லாம் வாக்கியமா எழுதிடு. உள்ள ஒரு தேங்காயும் வெத்தலை பாக்கும் வைக்க இடம் இருக்குமா, சாயம் சேலைல ஒட்டுமா, 100 பீஸ் கேட்டா எத்தனை நாளாகும், மழைக்காலத்துல பூஞ்சை பிடிக்காம எப்படி வைக்கறது, இதெல்லாம் தான் ஜனங்க தேடுற விஷயமே. விலையைக் கண்டிப்பாப் போடு. "விலைக்கு மெசேஜ் பண்ணவும்"னு பாத்தாலே நானெல்லாம் அடுத்த கடைக்குப் போயிடுவேன்.

என்ன வார்த்தைல தேடுறாங்கன்னு கண்டுபிடிக்கக் காசு கட்ட வேண்டாம். கூகுள் பெட்டியில "பனை ஓலை"ன்னு அடிச்சு நிறுத்திக்க, கீழ தானா சிலது தொங்கும் பாரு, அதெல்லாம் நிறைய பேரு தேடினது தான். மார்க்கெட்பிளேஸுக்குள்ள இருக்கற தேடல் பெட்டியிலயும் தனியா அடிச்சுப் பாரு, அங்க தொங்கறது வேற மாதிரி இருக்கும், ரெண்டும் வேற வேற வாசல். நம்ம ஆளுங்க தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல அடிக்கும்போது கொட்டானுக்கு ஒரு 'டி' போடுறவங்களும் உண்டு, ரெண்டு 'டி' போடுறவங்களும் உண்டு, டேக், அதாவது தேடலுக்காகச் சேக்கற குறிச்சொல், போடுற இடத்துல ரெண்டையும் போட்டு வச்சுக்க.

46-ஐயும் ஒரே நாள்ல மாத்த உக்காந்துடாத, முதுகு போயிடும். முதல்ல அஞ்சு பொருளை மட்டும் எடுத்து ஒழுங்கா எழுது. சில மாத்தம் சில நாள்ல தெரியும், சிலதுக்கு மாசக்கணக்குல ஆகும். நடுவுல பயந்துபோய் வாரா வாரம் தலைப்பை மாத்திக்கிட்டே இருந்தா எது வேலை செஞ்சதுன்னு உனக்கே தெரியாமப் போயிடும்.

ஆங், புவிசார் குறியீடு முத்திரையைப் படத்துல ஒட்டிருக்க. அது பதிவு பண்ணிக்கிட்ட உபயோகிப்பாளர்கள் போடுறதுக்குத் தான். நீ பதிவு பண்ணலன்னா இப்போதைக்கு எடுத்துடும்மா.

கேள்வி: வணக்கம் அக்கா. மதுரை விளாச்சேரி. பரம்பரையா கொலு பொம்மை செய்யற குடும்பம், ஆன்லைன் வேலை மட்டும் நான் பாக்கறேன். வருஷா வருஷம் செப்டம்பர்ல எல்லாப் பொம்மையையும் அப்லோடு பண்றேன், நவராத்திரி முடிஞ்சதும் டெலிட் பண்ணிடுவேன், பழசு கிடந்தா நல்லாருக்காதுன்னு. கூகுள்ல மூணு வருஷமா ஒண்ணும் வரல.

பதில்: அடப்பாவி தம்பி, வருஷா வருஷம் வீட்டை இடிச்சுட்டுக் கட்டிக்கிட்டு இருக்கியே!

ஒரு பக்கத்தைப் போட்டா கூகுள் வந்து அதைப் பாக்கணும், கணக்குல ஏத்தணும், அதுக்கு யாராவது லிங்க் குடுக்கணும், மெதுவாத் தான் நகரும். நீ செப்டம்பர்ல போடுற, கொலு வைக்கிறவங்க ஆடி முடியறப்பவே தேட ஆரம்பிச்சுடுறாங்க, உன் பக்கம் தலை தூக்கறதுக்குள்ள விஜயதசமி வந்துடுது. அதோட நீ டெலிட்டும் பண்ணிடுற. போன வருஷம் ஒரு அம்மா உன் தசாவதார செட் லிங்க்கை அவங்க ஃபேமிலி குரூப்புல போட்டிருப்பாங்க, யாராவது அவங்க சைட்டுல எழுதியிருப்பாங்க, அதெல்லாம் இந்த வருஷம் "பக்கம் இல்லை"ன்னு வரும். சம்பாதிச்ச பேரைக் குப்பைல போட்ட கணக்கு.

டெலிட் பண்ணாத. ஸ்டாக் இல்லன்னு போட்டு வை, இல்லன்னா "அடுத்த நவராத்திரிக்கு முன்பதிவு"ன்னு மாத்து. அதே பக்கத்துல புதுப் போட்டோ, புது விலை போட்டுக்க, அட்ரஸ் மாறக் கூடாது, அதுல வருஷத்தையும் சேக்காத. ஜூன், ஜூலைல எல்லாத்தையும் தூசி தட்டிடு. கூகுள் ட்ரெண்ட்ஸ்னு இலவசமா ஒண்ணு இருக்கு, அதுல "கொலு பொம்மை"ன்னு போட்டுப் பாரு, எந்த வாரத்துல கோடு மேல ஏறுதுன்னு கண்ணாலயே பாக்கலாம்.

வார்த்தை விஷயத்துல உனக்கு ஒரு வசதி. பெங்களூர்ல இதையே தசரா கொம்பேம்பாங்க, தெலுங்குக்காரங்க பொம்மல கொலுவும்பாங்க. அவங்களும் வாங்குறவங்க தான், விவரத்துல ஒரு வரி சேத்துக்க. உயரத்தை இன்ச்ல கண்டிப்பாப் போடு, படியோட உயரத்தை அளந்து வச்சுக்கிட்டுத் தான் பொம்மை தேடுறாங்க, 9 இன்ச்சா 12 இன்ச்சான்னு தெரியாம யாரும் பணம் கட்ட மாட்டாங்க. களிமண்ணா காகிதக் கூழாங்கறதும் முக்கியம். வழியில உடையாம எப்படிக் கட்டி அனுப்புறீங்கன்னு நாலு வரி எழுதி, வைக்கோல் சுத்துறத உங்கப்பா கையோட ஒரு போட்டோ எடுத்துப் போடு. படத்துக்குன்னு விவரம் எழுத ஒரு சின்னப் பெட்டி குடுத்திருப்பான், எல்லாரும் அதைக் காலியா விட்டுடுவாங்க, நீ அதுல "12 இன்ச் களிமண் செட்டியார் பொம்மை ஜோடி"ன்னு அப்படியே எழுதிடு. படத்தேடல்ல வர்றவங்களுக்கு அது தான் வழி.

கேள்வி: குரோஷே பொம்மை போடுறேன், ஈரோடு. ஒரு கம்பெனில இருந்து போன் பண்ணி 15,000 ரூபா கட்டினா ஒரே மாசத்துல கூகுள் முதல் பக்கம் கேரண்டி, மத்த சைட்டுல இருந்து உங்க கடைக்கு 500 லிங்க் போட்டுத் தர்றோம், கீவேர்டெல்லாம், அதாவது தேடுற வார்த்தையெல்லாம், பக்கத்துக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கற மெட்டாங்கற இடத்துல ஏத்தித் தர்றோம்னாங்க. கட்டலாமா?

பதில்: கட்டாதீங்க. முதலிடத்துக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு. மெட்டா கீவேர்டை ரேங்க் போடப் பாக்கறதே இல்லன்னு அவங்க வெளிப்படையாச் சொன்னது 2009ல, இன்னும் அதை வித்துக்கிட்டு இருக்காங்கன்னா அவங்க தைரியத்தைப் பாராட்டணும். காசுக்கு வாங்கின லிங்க் மாதிரி தில்லுமுல்லைப் பிடிக்க 2012 ஏப்ரல்ல பெங்குவின்னு ஒரு அப்டேட் விட்டாங்க, பல சைட்டு அதுல அடிவாங்குச்சு.

இன்னொண்ணும் யோசிங்க, உங்க கடை இருக்கறது அடுத்தவங்க மார்க்கெட்பிளேஸ்ல. வாடகை வீட்டுல ஆணி அடிக்கவே ஓனரைக் கேக்கணும், சுவரை மாத்திக் கட்டித் தர்றேன்னு ஒரு மேஸ்திரி வந்து நிக்கிறான். அந்த சைட்டோட உள் அமைப்பை நீங்களும் தொட முடியாது, அவனும் தொட முடியாது. தலைப்பு, விவரம், டேக், படம், இவ்வளவு தான் நம்ம கையில. அந்த 15,000க்கு நல்ல பருத்தி நூல் வாங்கிப் போடுங்க. இல்லன்னா சொந்தமா ஒரு டொமைன் (சைட்டோட பேரு) வாங்கி நாலு பக்கம் சைட்டு வச்சுக்கிட்டீங்கன்னா கூகுள் சர்ச் கன்சோல்ல இலவசமாவே சேக்கலாம், எந்த வார்த்தைல தேடி வந்தாங்கன்னு அதுவே காட்டும். மார்க்கெட்பிளேஸ் கடைக்கு அதெல்லாம் பொதுவா நடக்காது. ஆனா சைட்டு வச்சா அங்க எழுதினத அப்படியே காப்பி பண்ணி இங்க ஒட்டாதீங்க, ரெண்டும் ஒண்ணா இருந்தா பெரிய சைட்டைத் தான் அநேகமாக் காட்டும், உங்க சைட்டு பின்னாடி நிக்கும்.

கேள்வி: எட்ஸிங்கற வெளிநாட்டுக் கைவினை மார்க்கெட்பிளேஸ்ல ஆரி வொர்க் பேட்ச் விக்கிறேன், வாங்குறவங்க எல்லாம் வெளிநாடு. போன மாசம் ஒரு ஆர்டர்ல 15% கூடுதலாப் பிடிச்சுட்டாங்க, கேட்டா கூகுள் விளம்பரத்துல இருந்து வந்த ஆளாம். நான் விளம்பரமே குடுக்கலையே?

பதில்: நீங்க குடுக்கல, அவங்க குடுத்தாங்க. ஆஃப்சைட் ஆட்ஸ்னு பேரு. உங்க பொருளை வெளிய விளம்பரம் பண்ணுவாங்க, அதைக் கிளிக் பண்ணினவங்க 30 நாளுக்குள்ள உங்ககிட்ட வாங்கினா 15% பிடிப்பாங்க. வருஷ விற்பனை 10,000 டாலர் தாண்டாதவங்க செட்டிங்ல போய் நிறுத்திக்கலாம். தாண்டினா 12% தான், ஆனா நிறுத்த முடியாது. நிறுத்தறதுக்கு முன்னாடி கணக்குப் போட்டுப் பாருங்க, அந்த ஆர்டர் வராமலே போயிருந்தா பரவாயில்லையான்னு. மார்ஜின் இருந்தா விலையில ஏத்திட்டு விட்டுடலாம், நானா இருந்தா அதான் செய்வேன்.

அப்படியே டேக்கையும் பாத்துடுங்க. 13 குடுக்கறாங்க, ஒவ்வொண்ணும் 20 எழுத்து வரைக்கும். நீங்க ஆறு தான் போட்டிருக்கீங்க, அதுலயும் ஒத்தை ஒத்தை வார்த்தையா. வெளிநாட்டுல ஆரின்னு எத்தனை பேருக்குத் தெரியும்? எம்பிராய்டரி, பீட்ஸ், ஜாக்கெட்ல தைக்கிற பேட்ச்னு ரெண்டு மூணு வார்த்தை சேத்த தொடரா எழுதி மிச்சம் ஏழையும் ரொப்புங்க.

கேள்வி: இன்ஸ்டால போடுற போஸ்ட் கூகுள்ல வருமா அக்கா?

பதில்: 2025 ஜூலைல இருந்து பிசினஸ் மாதிரி புரொபஷனல் அக்கவுண்டா இருந்து பப்ளிக்காவும் வச்சிருந்தா வரலாம். செட்டிங்ல அதை நிறுத்தி வச்சிருக்கீங்களான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. ஆனா கேப்ஷன்ல வெறும் ஹார்ட்டும் நெருப்பும் போட்டிருந்தா என்ன தேடினா வரும்?