மகள் ஆடுவதை விட்டுவிட்டுக் கலை நிர்வாகம் படிக்கிறேன் என்கிறாள். சிங்கப்பூரில் இதற்கு எதிர்காலம் உண்டா?

உண்டு. தாராளமாகப் படிக்க விடுங்கள். பதினாறு வருடமாக எனக்கு இதுதான் தொழில். கடைசி ஆறு வருடமாக வாரத்தில் இரண்டு மாலை இதையே சொல்லியும் கொடுக்கிறேன். பத்து வருடம் பரதம் கற்ற பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்து வருடம் வீணாகாது, மேடைக்குப் பின்னால் நின்று நிகழ்ச்சியை நடத்தித் தரும் இந்த வேலைக்கு அதுதான் மூலதனம்.

ஏன் என்று சொல்கிறேன். பரதம் வெறுங்காலோடு ஆடுவது. முந்தின நாள் அதே மேடையில் நாடகம் நடந்திருந்தால், செட்டை அடித்த ஸ்டேப்பிள் ஊசி ஒன்றிரண்டு தரையில் தங்கிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒத்திகையில் ஒரு பெண்ணின் குதிகாலில் அப்படி ஒன்று ஏறிவிட்டது. தரையைப் பார்க்க வேண்டியவள் நான்; பார்க்கவில்லை. அன்றிலிருந்து விளக்கெல்லாம் மாட்டி முடித்ததும் மண்டியிட்டு மேடை முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்க்கிறேன். மாணவர்களையும் தடவ வைக்கிறேன். ஆடிய பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

கச்சேரியும் அப்படித்தான். ஒலிச் சோதனைக்கு முன்பே அரங்கத்து ஏசியைக் கச்சேரி நேரத்துக் குளிருக்கு வைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மாலையில் சேர்த்த மிருதங்கச் சுருதி ஏழரை மணிக்கு நகர்ந்திருக்கும். தாளவாத்தியக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் நடக்கும்போது விளக்கை மாற்றாதே என்று தமிழ் தெரியாத தொழில்நுட்பக்காரரிடம் சரியான நொடியில் ஹெட்செட்டில் சொல்ல, ஆவர்த்தனம் எங்கே முடியும் என்று தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆட்கள்தான் நம்மிடம் குறைவு.

சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949-இல் தொடங்கியது, பாஸ்கர் கலைக்கழகம் 1952-இல், அப்சரஸ் ஆர்ட்ஸ் 1977-இல். ஆடுபவருக்கும் பாடுபவருக்கும் இங்கே என்றுமே பஞ்சமில்லை. ஆனால் நான் பார்த்த பல சின்னக் குழுக்களில் இன்றும் நடன ஆசிரியரேதான் மானிய விண்ணப்பமும் எழுதுகிறார், டிக்கெட்டும் விற்கிறார். எனக்கு இது உண்மையான வருத்தம். விண்ணப்பம் எழுதிய இரவு அவர் ஜதி கோத்திருக்க வேண்டிய இரவு.

வகுப்பில் நான் முதலில் கொடுப்பது பட்ஜெட். சென்னையிலிருந்து நான்கு பக்கவாத்தியக்காரர்கள், ஒரு மாலை நிகழ்ச்சி, கணக்குப் போடு என்பேன். விமான டிக்கெட்டும் அரங்க வாடகையும் எல்லோரும் எழுதிவிடுவார்கள். ஒத்திகைக்கான சம்பளம், மேடைப் பணியாளர் சாப்பாடு, நேரம் தாண்டினால் அரங்கம் கேட்கும் கூடுதல் கட்டணம், இசைப் படைப்பாளர் சங்கமான கோம்பஸுக்குக் கட்டும் பாடல் உரிமைத் தொகை, இவை விட்டுப்போகும். நிகழ்ச்சி நடத்த அரசாங்க அமைப்பான ஐஎம்டிஏ தரும் உரிமத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் பாதிப் பேருக்குத் தோன்றாது. பணம் வரும் வழியையும் படிக்கிறோம்: தேசிய கலைகள் மன்றத்தின் மானியங்கள், கலை அறநிறுவனங்கள் திரட்டும் தனியார் நன்கொடைக்கு ஈடாக அரசாங்கம் பணம் தரும் 2013-இல் தொடங்கிய திட்டம், இப்படி.

படிக்க இடம் உண்டு. லாசால் கலைக் கல்லூரியில் கலை நிர்வாகத்துக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. நாஃபா என்ற இன்னொரு கலைக் கல்லூரியும் அதுவும் 2024 முதல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டன.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். வங்கியில் சேரும் தோழியைவிடத் தொடக்கத்தில் குறைவாகத்தான் வாங்குவாள். சனி, ஞாயிறு போய்விடும். நவம்பரில் எஸ்பிளனேட் அரங்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா வருவதால் தீபாவளிப் பலகாரத்தைக்கூட ஒத்திகைக்கு நடுவில்தான் நான் சாப்பிடுகிறேன். இருந்தும் வேறு வேலைக்குப் போக எனக்கு மனம் வந்ததில்லை.

விண்ணப்பிக்கும் முன், ஏதாவது ஒரு குழுவில் தொண்டூழியராக ஒரு நிகழ்ச்சி முழுக்க இருக்கச் சொல்லுங்கள். கைதட்டலோடு கிளம்பிவிட வேண்டாம், மேடையைக் காலி செய்யும் பம்ப் அவுட் முடியும்வரை நிற்கட்டும். செட்டைக் கழற்றி, கேபிள் சுருட்டி, லாரியில் ஏற்றிவிட்டு நடு இரவில் வீடு திரும்புவாள். அப்போது கதவைத் திறந்து அவள் முகத்தைப் பாருங்கள்.