சினை பிடித்த கட்லா ஏன் முட்டையிடவில்லை?

கேள்வி: வயலோரம் அரை ஏக்கரில் குளம் இருக்கிறது. வீட்டுத் தேவைக்கும் தூண்டிலுக்கும்தான். மூன்று வருடம் முன்பு விட்ட கட்லா, ரோகு இப்போது வயிறு புடைத்துச் சினையோடு இருக்கின்றன. நல்ல மழை பெய்தும் ஒரு குஞ்சைக்கூடக் காணோம். ஹார்மோன் ஊசி போட்டால் மறுநாளே முட்டையிடும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? போன ஐப்பசியில் தவளைத் தூண்டிலில் நாலு பெரிய விரால் மாட்டியது. இப்போது அதுவும் இல்லை.
- விவசாயி, திருவாரூர் மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள். கட்லாவும் ரோகுவும் கெண்டை இனத்து ஆற்று மீன்கள். பகல் நீண்டு தண்ணீர் சூடேறும்போது சினை பிடிக்கும். முட்டையிடப் புதுவெள்ளம் வேண்டும்: மட்டம் மளமளவென ஏறி, கலங்கல் தண்ணீர் இழுத்து ஓடி, கரையோரப் புல்தரை மூழ்க வேண்டும். மேற்கு வங்காளத்தில் பாங்குரா பக்கம், மேட்டு நிலத்து மழைத்தண்ணீர் பாய்ந்து வந்து சேரும் ‘பந்த்’ குளங்களில் இவை முட்டையிடுகின்றன. உங்கள் குளத்தில் அந்த ஓட்டம் கிடையாது. வெளியேறாத சினையை மீனின் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும், பயப்பட வேண்டாம்.

1957-இல் ஒடிசாவின் கட்டாக்கில் மீன் ஆராய்ச்சியாளர் ஹீராலால் சௌத்ரி, மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றி, வெள்ளம் இல்லாமலே கெண்டைகளை முட்டையிட வைத்தார். சரி, ஊசியால் முட்டை வரும். அப்புறம்? இவற்றின் முட்டை எதிலும் ஒட்டாது. தேங்கிய தண்ணீரில் சேற்றில் படிந்து செத்துப்போகும். பொரிப்பகத்தில் வட்டத் தொட்டிக்குள் தண்ணீரைச் சுற்றவிடுவது அதற்காகத்தான். மீனின் எடை என்ன, ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல் மருந்தை நீட்டுகிற கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது விராலைப் பற்றி. அது ஊசியும் ஆற்றோட்டமும் இல்லாமல் உங்கள் குளத்திலேயே பெருகுகிற மீன். மழைக்குப் பின் ஓரத்துக் கோரையை விலக்கி இடம் பண்ணி முட்டையிடும். முட்டை மிதக்கும், ஒன்றரை நாளுக்குள் பொரியும். செக்கச்செவேலென்ற குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து மூச்சு வாங்கும், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் எது விழுந்தாலும் பாய்ந்து கவ்வும். குஞ்சுக்கூட்டத்தின் மேல் தவளையை இழுத்தால் உடனே மாட்டுவது இதனால்தான். நாலில் எத்தனை அப்படிக் காவல் நின்றவையோ! காவல் போன குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் இரண்டு நாளில் தீர்த்துவிடும். நானும் சின்ன வயதிலிருந்து தூண்டில் போடுகிறவன்தான். குஞ்சு மேய்க்கிற விராலைப் பிடிப்பதை இன்றுவரை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஓரத்துக் கோரையை முழுக்கச் செதுக்காதீர்கள். சிவப்புக் கூட்டம் தெரிந்தால் ஒரு மாதம் அந்தப் பக்கம் தூண்டில் வேண்டாம். கட்லா, ரோகு குஞ்சுகளைப் பண்ணையில் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் நாலு அங்குலத்துக்குக் குறையாமல். அதைவிடச் சின்னதாக விட்டால் விராலுக்குத்தான் தீனி.