கேரள எல்லைத் தமிழ்ப் பெண் சின்னக் குழந்தைகளின் ஆசிரியராக எதைப் படிக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: “நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த என் தங்கை, மழலையர் அல்லது தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேண்டும் என்கிறாள். பல்கலைக்கழகத்தில் பட்டம் படிப்பதா, இரண்டு ஆண்டு டி.எல்.எட். (தொடக்கக் கல்வி டிப்ளமா) போதுமா? அங்கே உண்மையில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்?”

நானும் உங்கள் சித்தூர்த் தாலுகாவைச் சேர்ந்தவள்தான். இரண்டையும் படித்தேன், ஆனால் வரிசை மாற்றிப் படித்தேன். அதனால் உங்கள் தங்கைக்குப் பயன்படும் அளவுக்குத் தவறுகளும் செய்திருக்கிறேன். இப்போது ஒரு தமிழ் வழி எல்.பி. பள்ளியில் (கேரளத்தில் தொடக்கப்பள்ளியை அப்படித்தான் சொல்வார்கள்) இரண்டாம் வகுப்பு ஆசிரியராக இருக்கிறேன்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் எல்.பி. பள்ளி வேலைதான் குறி என்றால், நடைமுறையில் இரண்டு ஆண்டு டி.எல்.எட். படிப்பும் (ஊரார் இன்றும் அதை டி.டி.சி. என்றே சொல்கிறார்கள்) கேரள ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டின் முதல் பிரிவில் தேர்ச்சியும் வேண்டும், குழந்தை வளர்ச்சி பற்றிய சாதாரணப் பட்டம் எதுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் ஒரு குழந்தையை எப்படிப் பார்ப்பது என்பதை நான் கற்றது அந்தப் பட்டப் படிப்பில்தான். எனவே “எது போதும்” என்ற கேள்விக்கு வேலைக்கு ஒரு விடையும் வகுப்பறைக்கு வேறொரு விடையும் இருக்கின்றன.

பிளஸ் டூ முடித்ததும், வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர் என்ற ஒரே காரணத்தால், அங்கே ஒரு பெண்கள் பல்கலைக்கழகத்தில் மனித மேம்பாடு என்ற பாடத்தில் மூன்றாண்டுப் பட்டம் படிக்கச் சேர்ந்தேன். பாடத்தின் பெயரைக் கேட்டு எங்கள் பாட்டி, “மனுசன மேம்படுத்தறதுக்கும் ஒரு படிப்பா?” என்று சிரித்தார். அந்தத் துறையோடு சேர்ந்தே ஒரு மழலையர் பள்ளி இருந்தது. வாரத்தில் இரண்டு காலைப் பொழுதுகள், கையில் ஒரு நோட்டுடன், அந்தக் குழந்தைகள் விளையாடும் இடத்தின் ஓரத்தில் உட்கார வேண்டும். அவர்களோடு பேசக் கூடாது. ஒரு குழந்தையை மட்டும் 15 நிமிடம் பார்த்து, அது செய்ததை எழுத வேண்டும்.

முதல் நாள் நான் எழுதியது, மணல் தொட்டியில் இருந்த நான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி: “சிவப்பு வாளியை யாருக்கும் தராமல் அடம் பிடித்தான்; பகிர்ந்துகொள்ளும் குணம் இல்லை.” பேராசிரியர் அந்த வரியை அடித்துவிட்டு, “அடம் எப்படி இருக்கும்? எனக்குத் தெரியவில்லை. அவன் என்ன செய்தான் என்பதை மட்டும் எழுது” என்று ஓரத்தில் குறித்துத் திருப்பித் தந்தார். மறு வாரம் அதே பையனை மறுபடி பார்த்தேன். வாளியில் மணலை அள்ளினான், உள்ளங்கையால் தட்டி மட்டம் செய்தான், கவிழ்த்தான், உருவம் நிற்காமல் சரிந்தது. தண்ணீர்க் குழாயின் கீழே நனைந்து கிடந்த மணலை அள்ளி மீண்டும் கவிழ்த்தான், இப்போது நின்றது. இதை 11 முறை செய்தான். இடையில் ஒரு சிறுமி வாளியைப் பிடித்து இழுத்தபோது, அதில் அவன் அப்போதுதான் நிரப்பிய ஈர மணல் இருந்தது. நான் அடம் என்று எழுதியது, ஒரு சோதனையைப் பாதியில் விட மனமில்லாமையாகவும் இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. மூன்று ஆண்டுகளில் இப்படி எழுதிய நோட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பாடப் புத்தகங்களைப் பழைய கடைக்குப் போட்டேன், அவற்றைப் போடவில்லை.

கோட்பாடுகளும் உண்டு, ஆனால் அவற்றையும் கையால் செய்து பார்க்க வைத்தார்கள். புளியங்கொட்டைகளை ஆறு ஆறாக இரண்டு வரிசையில் வைத்து, ஐந்து வயதுக் குழந்தையிடம் “இரண்டும் சமமா?” என்று கேட்டால் “சமம்” என்று சொல்லும். அதன் கண்ணெதிரிலேயே ஒரு வரிசையை மட்டும் நீட்டி வைத்துவிட்டு மறுபடி கேட்டால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்று பெரும்பாலான குழந்தைகள் சொல்லிவிடும். இடம் மாற்றினாலும் எண்ணிக்கை மாறாது என்பது அவற்றுக்கு இன்னும் பிடிபடவில்லை; உளவியலாளர் பியாஜே எண் மாறாமை என்று சொன்னது இதைத்தான். குழந்தை தானாகச் செய்யக்கூடியதற்கும் பிறர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையில் இருக்கும் வெளியில்தான் ஆசிரியரின் வேலை என்ற ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் கருத்தை, ஒரு குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்தபோது புரிந்துகொண்டேன். தம் பெயரிலான குழந்தைக் கல்விமுறையை உருவாக்கிய மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியதையும், போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் சில ஆண்டுகள் கொடைக்கானலில் தங்க நேர்ந்ததையும் எங்கள் பேராசிரியர் சொல்வார். நம் மலையின் இலைகளையும் பூச்சிகளையும் வைத்துக் குழந்தைகளுக்குப் பாடம் நடந்ததைக் கேட்டபோது அந்தக் கல்விமுறை அந்நியமாகத் தோன்றவில்லை.

பட்டம் கையில் வந்த பிறகுதான், அதைக் கொண்டு எல்.பி. பள்ளியில் சேர முடியாது என்பது தெரிந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை, நான்தான் கேட்கவில்லை. ஓராண்டு ஒரு தனியார் நர்சரியில் வேலை பார்த்தேன். மூன்று வயதுக் குழந்தைகளைக் கோடு போட்ட நோட்டில் எழுத வைத்தால்தான் பெற்றோருக்குத் திருப்தி என்ற இடத்தில், மூன்று ஆண்டு படித்ததெல்லாம் எனக்குச் சுமையாகிப் போனது. பிறகு நம் மாவட்டத்திலேயே ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன்.

அந்த இரண்டு ஆண்டுகள் வேறு மாதிரியானவை. நான்கு பருவங்கள், டீச்சிங் மேனுவல் (பாடத் திட்டக் குறிப்பு) எழுதிக் கை வலிக்கும், கரும்பலகையில் வரி கோணாமல் எழுதுவது, அட்டையும் ஈர்க்குச்சியும் கொண்டு துணைக்கருவி செய்வது, நாற்பது நிமிடத்தில் ஒரு செயல்பாட்டை முடிப்பது என்று எல்லாம் கைத்தொழில் போலவே இருக்கும். பட்டப் படிப்பில் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், இங்கே முப்பது குழந்தைகளை ஒரே நேரத்தில் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

பயிற்சிக்காக ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுத்தபோது நடந்தது இது. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை ஒரு பையன் எண்ணிக்கொண்டு வந்தான்: “இருபத்தெட்டு, இருபத்தொம்பது, இருபத்திப் பத்து.” வகுப்பு சிரித்தது. நான் “முப்பது” என்று திருத்திவிட்டு அடுத்த குழந்தைக்குப் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்த மேற்பார்வை டீச்சர் மாலையில் கேட்டார்: “அவனுக்கு என்ன தெரிந்திருந்தது என்று சொல்லு.” எண் பெயர்களின் கட்டமைப்பு அவனுக்குத் தெரிந்திருந்தது, இருபதோடு ஒன்றிலிருந்து ஒன்பது வரை சேர்வதைப் பார்த்தவன், பத்தையும் சேர்த்துவிட்டான். மனப்பாடமாக ஒப்பித்தவன் அந்தத் தவறைச் செய்திருக்கவே மாட்டான். கடைசிப் பத்துக் குச்சிகளையும் கட்டாக்கி மூன்று கட்டுகளையும் அவன் கையில் கொடுத்து, இதற்குப் பெயர்தான் முப்பது என்று சொல்லியிருந்தால் போதும். அதன் பிறகு தொண்ணூறைக் கற்பிக்கும்போதெல்லாம் நான் எச்சரிக்கையாக இருக்கிறேன். எழுபது, எண்பது என்று வந்த வரிசை திடீரென்று “நூறு” என்ற ஒலியோடு முடிகிறது. தொள்ளாயிரத்திலோ “ஆயிரம்” கேட்கிறது. அங்கே தடுமாறும் குழந்தை காதைக் கூர்மையாகத் தீட்டி வைத்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். பட்டப் படிப்பின் நோட்டும் டிப்ளமாவின் ஈர்க்குச்சியும் எனக்குள் ஒன்றுசேர்ந்தது அந்த மாலையில்தான்.

எல்லை ஊர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்; இதை எந்தப் பாடத்திட்டமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நம் குழந்தைகள் “டீச்சர், வெள்ளம் குடிச்சிட்டு வரட்டா?” என்று கேட்பார்கள்; மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தமிழ்ப் பாடத்தில் வெள்ளம் வந்து ஊர் மூழ்கியது என்று படித்தபோது, “குடிக்கிற வெள்ளமா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். நாற்காலி என்ற சொல்லைவிடக் கசேர என்ற சொல்லே வீட்டில் புழங்குகிறது. ஆண் ஆசிரியரை மாஷ் என்கிறார்கள். தமிழ் எழுத்தில் ஒரே ‘க’ பல ஒலிகளைச் சுமக்கிறது. அண்ணனின் மலையாளப் புத்தகத்திலோ நான்கு தனித்தனி எழுத்துகள் இருக்கின்றன. கோவையில் படித்த காலத்தில் இவற்றைக் கலப்பு என்றும் பிழை என்றும் நினைத்திருந்தேன். இப்போது கரும்பலகையில் வெள்ளம் என்று எழுதி, வீட்டில் அதற்கு ஒரு பொருள், புத்தகத்தில் ஒரு பொருள் என்று இரண்டு படங்களாக வரைகிறேன். வீட்டுச் சொல்லைச் சொன்னதற்காக ஒரு குழந்தை வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், அதை மறுபடி திறக்க வைக்கப் பல மாதங்கள் ஆகும். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழி வழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று சொல்லும் அரசியலமைப்பின் 350-அ பிரிவு, மாநிலங்கள் மொழிவழியாகப் பிரிந்த அதே 1956-இல் சேர்க்கப்பட்டது. அந்த வசதி வகுப்பறைக்குள் வரும்போது, நம் பேச்சுத் தமிழ் தெரிந்த ஓர் ஆசிரியராகத்தான் வந்து நிற்க முடியும். உங்கள் தங்கைக்கு இயல்பாகவே இருக்கும் தகுதி அது.

இனி விதிகள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி, 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்குப் பொதுவாக 50 விழுக்காட்டு மதிப்பெண்ணோடு பிளஸ் டூ, அதன்மேல் இரண்டாண்டு டிப்ளமா அல்லது நான்காண்டுத் தொடக்கக் கல்விப் பட்டம், அத்துடன் தகுதித் தேர்வு. அந்த நான்காண்டுப் பட்டத்தை டெல்லிப் பல்கலைக்கழகம் 1994-லேயே தொடங்கிவிட்டது, ஆனால் நம் பக்கம் அதைப் படித்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. யாராவது “பி.எட். முடித்தால் எல்லாப் பள்ளிக்கும் போகலாம்” என்று சொன்னால் நம்ப வேண்டாம், 2018-இல் பி.எட். பட்டதாரிகளுக்குத் தொடக்கப்பள்ளி வாசலைத் திறந்துவிட்ட அறிவிக்கையை, உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று செல்லாது என்று தீர்த்துவிட்டது. என் அத்தை மகள் ஒருத்தி இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டாள்.

2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரையுள்ள பருவத்தை அடித்தள நிலை என்று ஒன்றாகப் பார்க்கிறது. அங்கன்வாடியில் ஒருவிதமாகவும் ஒன்றாம் வகுப்பில் முற்றிலும் வேறுவிதமாகவும் குழந்தையை நடத்தும் நம் வழக்கத்துக்கு இது நல்ல மாற்று என்றே நினைக்கிறேன். அதையொட்டி வந்த நான்காண்டு ஒருங்கிணைந்த ஆசிரியர் கல்விப் படிப்புக்கு என்.சி.இ.டி. என்ற தேசிய நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் அந்தப் படிப்பு அடித்தளம், ஆயத்தம், நடுநிலை, உயர்நிலை என்று நிலைவாரியாகப் பிரிந்தது. கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்காமல், அங்கே எந்த நிலைக்கு அனுமதி இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். உயர்நிலைப் பிரிவில் சேர்ந்துவிட்டு மழலையருக்குப் பாடம் எடுக்கக் காத்திருந்தால், என் கதைதான் மறுபடி நடக்கும்.

கே-டெட் முதல் பிரிவில் 150 வினாக்கள், இரண்டரை மணி நேரம்; குழந்தை வளர்ச்சி, கணிதம், சூழ்நிலையியல், இரண்டு மொழிகள் என ஐந்து பகுதிகளிலும் முப்பது முப்பது. பொதுப் பிரிவினருக்கு 90 மதிப்பெண் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். முதல் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கேரள பி.எஸ்.சி. தமிழ் வழி எல்.பி. ஆசிரியர் பணிக்குத் தனியாக அறிவிப்பு விடுகிறது; பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில்தான் பெரும்பாலும் இடம் வரும், அதுவும் அடிக்கடி வராது. இந்தத் தகுதித் தேர்வைத் தள்ளிப் போட வேண்டாம். பணியில் இருக்கும் ஆசிரியர்களில் பெரும்பாலோரும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதித் தீர்ப்புக்குப் பிறகு, இருபது ஆண்டு பாடம் நடத்திய என் சக ஆசிரியர்களே நரைத்த தலையோடு வழிகாட்டி நூலைப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மழலையர் பிரிவு மட்டும் போதும் என்றால், அரசுப் பள்ளிகளின் பிரீ-பிரைமரியில் பெரும்பாலும் மதிப்பூதியம்தான், ஊதிய விகிதம் கிடையாது என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் டிப்ளமா படித்துவிட்டுக் கேரளத்தில் வேலை தேடும் எண்ணம் இருந்தால், அந்தச் சான்றிதழ் இங்கே இணையாக ஏற்கப்படுமா என்பதை, கட்டணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்தக் கல்லூரிக்குப் போனாலும், எத்தனை நாள் பள்ளியில் பயிற்சி, மேற்பார்வையாளர் வகுப்பில் முழு நேரமும் உட்காருவாரா, அன்றைக்கே பேசுவாரா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடும் மேற்பார்வையாளராக இருந்திருந்தால், எனக்கு அந்த இருபத்திப் பத்து கடைசி வரை வெறும் தவறாகவே இருந்திருக்கும்.

என் யோசனை: பிளஸ் டூ முடித்திருந்தால், இப்போதைக்கு டி.எல்.எட். விண்ணப்பத்தைப் போடட்டும், வேலை கிடைத்த பின் அல்லது காத்திருக்கும் காலத்தில் பட்டத்தைத் தொலைநிலையிலாவது படித்துக்கொள்ளலாம். அதற்கு முன், உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அங்கன்வாடியில் டீச்சரிடம் அனுமதி கேட்டு ஒரு காலைப் பொழுது உட்காரச் சொல்லுங்கள். ஒரே ஒரு குழந்தை, 15 நிமிடம், ஒரு பக்கம். நல்ல பிள்ளை, அடம், சமத்து, குறும்பு ஆகிய சொற்கள் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது. எழுதி முடித்த பிறகு இன்னொரு பக்கம் எழுத அவளுக்கு ஆசை வருகிறதா என்று பாருங்கள்.