வாழை நார் நீளாமல் அறுகிறது: விலையைக் குறைக்கலாமா?

கேள்வி: தொட்டியம் பக்கம் பூவன் வாழை போட்டிருக்கிறேன். தார் வெட்டிய மரங்களை எந்திரத்தில் கொடுத்து நார் எடுக்கிறோம். பிளாஸ்டிக்கோடு நார் கலந்து பலகை செய்யும் ஒருவர் மாதிரி வாங்கிப் பார்த்தார். "தென்னை நார் இழுத்தால் நீண்டு கொடுக்கிறது, உங்கள் நார் பட்டென்று அறுகிறது, நிறமும் கறுப்பு" என்று விலையைக் குறைக்கிறார். காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துத் தந்தால் கூட்டித் தருவாராம். செய்யலாமா ஐயா?

பதில்: நீளாமல் அறுவது வாழை நாரின் குணம். அதைக் காரணம் காட்டி விலையைக் குறைப்பது நியாயமில்லை. கறுப்பு விஷயத்தில் அவர் சொல்வது சரி, அதை நீங்கள் திருத்திக்கொள்ளலாம். காஸ்டிக் சோடா வேண்டாம்.

நாம் ஒரு நார் என்று உருவுவது உண்மையில் நீளமான செல்கள் பல ஒட்டிக் கிடக்கும் கற்றை. அந்தச் செல்லின் சுவருக்குள், செடிக்கு உறுதி தரும் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆன நுண்ணிழைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மூன்று நான்கு நானோமீட்டர் தடிமன்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இவை செல்லைச் சுற்றிச் சாய்வாக ஓடுகின்றன. இடையில் ஹெமிசெல்லுலோஸ், லிக்னின் என்ற இரண்டு பொருள்கள் பசை போல நிரம்பியிருக்கின்றன. நாரின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சாய்வுதான்.

வாழையில் சாய்வு சுமார் 11 டிகிரி. நுண்ணிழைகள் ஏறக்குறைய நார் ஓடும் திசையிலேயே படுத்திருக்கின்றன. இழுத்தவுடன் பாரம் நேராக அவற்றின் மேல் விழுகிறது. ஓரிரண்டு சதவீதம், மிஞ்சிப் போனால் ஐந்தாறு சதவீதம் நீண்டு அறுந்துவிடும். தென்னை நாரில் சாய்வு 30 டிகிரிக்கு மேல், 45 வரைகூடப் போகும். அதனால் அது ஸ்பிரிங் போல முதலில் நிமிர்ந்து கொடுக்கும்; 15 முதல் 40 சதவீதம் வரை நீண்ட பிறகே அறும். ஆனால் ஒரே தடிமனுள்ள நார்களை எடுத்துப் பாரம் கட்டினால், வாழை நார் இரண்டு மூன்று மடங்கு தாங்கும். மெத்தைக்கும் மிதியடிக்கும் தென்னை நார் போவதும், விறைப்பாக நிற்க வேண்டிய பலகைக்கு வாழை நார் பொருந்துவதும் இதனால்தான். பிலிப்பைன்ஸில் விளையும் அபாகா வாழையின் நெருங்கிய உறவு. மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரின் அடியில் ஸ்டெப்னி வைக்கும் குழியின் மூடியை அந்த நாரைக் கலந்து செய்திருக்கிறார்கள். அடுத்த முறை அவர் இழுத்துக் காட்டினால் இதைச் சொல்லுங்கள்.

தென்னை நாருக்கு ஒரு பலம் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. அதில் லிக்னின் 40 சதவீதத்துக்கு மேல் இருப்பதால் தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் மக்காது. வாழை நாரில் லிக்னின் மிகக் குறைவு. ஈரத்தோடு கட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து, இழுத்த இடத்தில் பொடியும்.

பூக்கட்டுகிறவர்கள் வாழை நாரை நனைத்துத்தானே கட்டுகிறார்கள்? தண்ணீர் நுண்ணிழைகளுக்கு நடுவே புகுந்து இளக்குவதால், முடிச்சுப் போட்டாலும் நார் ஒடியாமல் வளைகிறது. பலகைக்காரருக்கு அதே தண்ணீர் பகை. சூடான பிளாஸ்டிக்கில் ஈரநார் விழுந்தால் ஆவி கிளம்பிக் குமிழ் விழும், நாரும் பிளாஸ்டிக்கும் ஒட்டாது. ஆகவே நார் அவர் கைக்குக் காய்ந்ததாகப் போக வேண்டும்.

இனி கறுப்பு. வெட்டிய மரத்தின் சாறு காற்றுப் பட்டதும் பழுப்பேறும். மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு எந்திரம் வரும்வரை நாலைந்து நாள் காத்திருந்தால் நிறம் போனது போனதுதான். வெட்டிய அன்றே, தவறினால் மறுநாள், நார் பிரித்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒட்டியிருக்கும் சதையைக் கையால் உருவி எடுங்கள். துருப்பிடித்த டிரம்மில் அலசாதீர்கள், சாற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுக்கும். கொடியில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். வெளிமட்டை நார் முரடாகவும் நிறம் மங்கியும் இருக்கும், உள்மட்டை நார் மெலிதாகப் பளபளக்கும். இரண்டையும் கலக்காமல் தனித்தனிக் கட்டாகக் கட்டுங்கள். உங்கள் மாதிரியில் இரண்டும் கலந்திருந்தால் கறுப்பு இன்னும் தூக்கலாகத் தெரிந்திருக்கும்.

காஸ்டிக் சோடாவை அவர் சும்மா கேட்கவில்லை. நீர்த்த கரைசல், வழக்கமாக 5 சதவீதம், நாரின் மேலுள்ள மெழுகையும் கொஞ்சம் ஹெமிசெல்லுலோஸையும் கரைத்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். அப்போது பிளாஸ்டிக் நன்றாகப் பிடிக்கும். அளவு கூடினாலோ அதிக நேரம் ஊறினாலோ நார் வலுவிழக்கும். கையும் கண்ணும் வெந்து போகும் சரக்கு அது. கழிவுநீரை வாய்க்காலில் விட்டால் மண்ணில் காரம் ஏறும், கிணறும் கெடும். அளவு பார்க்கவும் கழிவைச் சுத்திகரிக்கவும் வசதி உள்ள தொழிற்சாலை செய்ய வேண்டிய வேலை அது. சுத்தமாக அலசிக் காயவைத்த நாருக்கு விலை பேசுங்கள். ஊறவைப்பது அவர் பாடு.

அப்புறம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை. எந்திரத்திலிருந்து விழும் சதையில் பொட்டாஷ் சத்து உண்டு, மக்கவைத்துத் தோட்டத்துக்கே போடலாம். ஆனால் வாடல் நோய் கண்ட தோட்டத்து மரமாக இருந்தால் நார் எடுக்கவும் வேண்டாம், சதையை வேறு வயலுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை அதோடு சேர்ந்து போய்விடும்.